பற்றுச்சீட்டு ஏன் இறங்கவில்லை?

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்:

"ஐயா, எங்கள் வீட்டில் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார், நான் என ஐந்து பேர். மாதத்தில் இரண்டு தடவை யாழ்ப்பாண நகரிலுள்ள பல்பொருள் அங்காடி ஒன்றில் சாமான் வாங்குகிறேன். அண்மையில் பழைய கொப்பி ஒன்றுக்குள் 2021 ஆம் ஆண்டின் பற்றுச்சீட்டு ஒன்று கிடைத்தது. அன்று 6,000 ரூபாய்க்குள் முடிந்த அதே சாமான்களுக்கு இன்று 14,000 ரூபாய் வரை போகிறது. பணவீக்கம் குறைந்துவிட்டது, டொலர் இறங்கிவிட்டது என்று வானொலியில் சொல்கிறார்கள். அப்படியானால் விலை ஏன் இறங்கவில்லை? அங்காடிக்காரர் அளவுக்கு மீறி இலாபம் வைக்கிறார்களா? சந்தைக்கும் சிறிய கடைகளுக்கும் திரும்பிவிடுவது நல்லதா? எனக்குச் சிக்கனம் தெரியவில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். பிள்ளைகளின் பால்மாவையும் முட்டையையும் குறைக்கலாமா என்றுகூட யோசிக்கிறேன்."

அன்புள்ள சகோதரிக்கு,

பழைய பற்றுச்சீட்டை எடுத்து, பொருளுக்குப் பொருள் ஒப்பிட்டுப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். சிக்கனம் தெரியாதவர் அதைச் செய்ய மாட்டார். யாழ்ப்பாணத்து மொத்த வியாபாரிகளுக்கும் சில்லறைக் கடைகளுக்கும் பல ஆண்டுகளாகக் கணக்குப் பார்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: 6,000 ரூபாய் 14,000 ரூபாயானதில் உங்கள் கைப்பழக்கத்தின் பங்கு மிகச் சிறியது. இதை உங்கள் வீட்டாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

பணவீக்கம் குறைந்தது என்ற செய்தி பொய்யன்று. ஆனால் கேட்பவர் பெரும்பாலும் அதைத் தவறாகவே விளங்கிக்கொள்கிறார். பணவீக்கம் என்பது விலையன்று, விலை ஏறும் வேகம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக இருந்தது. அதாவது, ஓராண்டுக்கு முன் 100 ரூபாய்க்கு வாங்கிய உணவு 195 ரூபாய்க்கு வந்து நின்றது. அடுத்த ஆண்டில் பணவீக்கம் 5 வீதமாகக் குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்தியில் 95 ஐந்தாகிவிட்டது என்பார்கள், உங்கள் கையிலோ 195 ரூபாய் 205 ரூபாயாகியிருக்கும். 2024 செப்டெம்பரிலிருந்து 2025 ஜூலை வரை அந்தச் சுட்டெண்ணின்படியான பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழேயும் போனது உண்மை. ஆனால் அந்த இறக்கத்தின் பெரும்பகுதி மின்கட்டணமும் எரிபொருளும் குறைந்ததால் வந்தது. சோற்றுப் பானைக்குள் வந்து சேர்ந்தது கொஞ்சமே. இன்னொன்றையும் கவனியுங்கள். கொழும்புச் சுட்டெண்ணில் உணவுக்குக் கொடுக்கப்படும் பங்கு ஏறத்தாழ நாலில் ஒன்றுதான். ஐந்து பேர் கொண்ட, வாடகை கொடுக்காத ஒரு கொக்குவில் வீட்டில் வருமானத்தில் பாதிகூடச் சாப்பாட்டுக்குப் போகும். ஆகவே வானொலி சொல்லும் இலக்கமும் உங்கள் வீட்டு இலக்கமும் பொருந்தாமல் இருப்பதில் வியப்பில்லை.

இனி அந்த 2021 பற்றுச்சீட்டுக்கு வருகிறேன். அது எங்கள் மனதில் 'பழைய நியாய விலை' என்று பதிந்துவிட்டது. என் கருத்தில் அது நியாய விலையும் அன்று. அந்த ஆண்டில் டொலரின் பெறுமதி 200 ரூபாயை ஒட்டி வலிந்து பிடித்து வைக்கப்பட்டிருந்தது. அப்படிப் பிடித்து வைப்பதற்காக நாட்டின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. பெறுமதி சேர் வரி 2019 டிசெம்பரில் 8 வீதமாகக் குறைக்கப்பட்டு அப்படியே இருந்தது. பால்மா, கோதுமை மா ஆகியவற்றுக்கு 2021 ஒக்டோபர் வரை கட்டுப்பாட்டு விலை இருந்தது. அன்று நீங்கள் கொடுக்காத பணத்தை நாடு கடனாகச் சுமந்தது. 2022 மார்ச் 7 ஆம் திகதி மத்திய வங்கி அப்படிப் பிடித்து வைப்பதைக் கைவிட்டதும், இரண்டு மாதத்துக்குள் டொலர் 360 ரூபாயைத் தொட்டது. ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. உங்கள் பற்றுச்சீட்டில் ஏறிய தொகையில் பெரும்பகுதி அந்தச் சில மாதங்களில் ஏறியதுதான்.

டொலர் இறங்கியது என்கிறார்கள். எதிலிருந்து எதற்கு இறங்கியது என்பதை மட்டும் கேளுங்கள். 360 இலிருந்து இறங்கி, 2024, 2025 ஆம் ஆண்டுகளில் 300 ரூபாயை ஒட்டி நின்றது. 200 ரூபாய்க்குத் திரும்பவேயில்லை. நீங்கள் வாங்கும் மைசூர்ப் பருப்பு அவுஸ்திரேலியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறது. பால்மாவில் பெரும்பகுதி நியூசிலாந்திலிருந்து வருகிறது. சீனியில் உள்ளூர் உற்பத்தி மிகச் சிறிய பங்கே. கோதுமை முழுவதும் கப்பலில் வந்து இங்கே மாவாக அரைக்கப்படுகிறது. வெளிநாட்டில் விலை ஒரு சதம்கூட ஏறாதிருந்தாலும், டொலர் 200 இலிருந்து 300 ஆனதால் மட்டும் இந்தப் பொருட்களின் இறக்குமதி அடக்க விலை ஒன்றரை மடங்காகும். ஆனால் வெளிநாட்டிலும் விலை சும்மா இருக்கவில்லை. 2022 பெப்ரவரியில் உக்ரேன் போர் தொடங்கிய பின், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு கணிக்கும் உலக உணவு விலைச் சுட்டெண் மார்ச் மாதத்தில் அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. கடன் எடுத்துப் பருப்பு இறக்கும் வியாபாரி அந்த வட்டியையும் கிலோவின் மேலேயே வைப்பார்; வேறு இடம் அவருக்கு இல்லை.

இதனுடன் வர்த்தமானி மூலம் ஓர் இரவில் மாறும் வரியும் சேர்கிறது. சீனி, பருப்பு, உருளைக்கிழங்கு, பெரிய வெங்காயம் போன்றவற்றுக்கு 2007 ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் விசேட பண்ட வரி அறவிடப்படுகிறது. சீனிக்கு அது கிலோவுக்கு 50 ரூபாயாக இருந்து, 2020 ஒக்டோபரில் 25 சதமாக்கப்பட்டு, 2023 நவம்பரில் மீண்டும் 50 ரூபாயானது. குறைத்தபோது அந்த ஏறத்தாழ 50 ரூபாய் முழுவதும் வாங்குபவரின் கைக்கு வந்து சேரவில்லை. கூட்டியபோதோ மறுநாளே கடையில் தெரிந்தது. உங்களைப் போன்றவர்களின் கோபத்தில் எனக்கு முழு உடன்பாடு உள்ள இடங்களில் இது ஒன்று.

பெரிய வெங்காயத்தின் கதை வேறு. 2023 ஓகஸ்ட்டில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்கு 40 வீத வரி போட்டது. டிசெம்பர் 8 ஆம் திகதி ஏற்றுமதியை முற்றாகத் தடை செய்தது. 2024 மே மாதத்தில்தான் தடை நீங்கியது. மகாராட்டிரத்தில் மழை பிந்தினால் அதன் விலையைக் கொக்குவிலில் நீங்கள் கொடுக்கிறீர்கள். இதை நான் சொல்வது உங்களைச் சோர்வடையச் செய்வதற்காக அன்று. எங்கள் வாசலில் செம்மண்ணில் விளையும் சின்ன வெங்காயம் இருக்கிறது. இரண்டின் விலையையும் ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால், இந்தியாவில் தடை வரும் மாதங்களில் உங்கள் கறிக்கு மாற்று வழி இருக்கும்.

மரக்கறியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஏனெனில் இங்கேதான் யாழ்ப்பாணத்தவர் தேவையில்லாமல் கொடுக்கும் பணம் அதிகம் என்பது என் எண்ணம். அங்காடியில் குளிர்த் தட்டில் அடுக்கியிருக்கும் கரட், லீக்ஸ், போஞ்சி ஆகியவை பெரும்பாலும் நுவரெலியா, பதுளைப் பக்கத்திலிருந்து இறங்கி, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் கைமாறி, அங்கிருந்து ஏறத்தாழ 250 கிலோமீற்றர் ஏ9 வீதியால் லொறியில் வருகின்றன. டீசல் 2021 நடுப்பகுதியில் லீற்றர் 111 ரூபாய். 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாய். பின்னர் அது குறைந்தது. ஆனால் 111 ரூபாய்க்குத் திரும்பவில்லை. லொறிக்காரர் ரயருக்கும் உதிரிப்பாகத்துக்கும் சாரதிக்கும் கொடுப்பதும் குறையவில்லை. வழியில் நசுங்கியும் வாடியும் போகும் பங்கையும் மிஞ்சிய காயே சுமக்கிறது. இந்த நாட்டில் பழங்களிலும் மரக்கறியிலும் மூன்றில் ஒரு பங்கு வரை அறுவடைக்குப் பின் வீணாகிறது என்ற மதிப்பீடு நீண்ட காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் மலையகத்தில் வெள்ளமும் மண்சரிவும் ஏற்பட்டு வீதிகள் அறுந்தபோது, இந்த ஒற்றைப் பாதையை எவ்வளவு தூரம் நம்பியிருக்கிறோம் என்பதை எல்லோரும் கண்டோம். 2006 ஓகஸ்ட்டில் போரால் ஏ9 மூடப்பட்ட காலத்தை உங்கள் மாமியார் மறந்திருக்க மாட்டார். அன்று பொருளே வரவில்லை. இன்று பொருள் வருகிறது, ஆனால் வரும் வழியின் செலவு முழுவதையும் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் ஊரில் விளையும் மரக்கறி ஏன் மலிவாக இல்லை என்று நீங்கள் கேட்கலாம். வலிகாமத்துத் தோட்டக்காரர் கிணற்று நீரை இறைத்தே பயிர் செய்கிறார். பலரின் நீரிறைக்கும் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. 87 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்ட்டில் ஒரே அடியில் 340 ரூபாயாக்கப்பட்டது. அதற்கு முன் 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அந்த ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது உரத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. இதே மண்ணெண்ணெயில்தான் கரையோரத்துச் சிறு படகுகளும் ஓடுகின்றன. உங்கள் மீன் செலவு ஏறியதற்கும் அதுவே முதற்காரணம். இவ்வளவையும் தாங்கி விளைவித்ததைச் சந்தைக்குக் கொண்டு போனால், நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ 'கழிவு' என்று கழிக்கும் வழக்கம் எங்கள் சந்தைகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. தோட்டக்காரர் நூறு கிலோ இறக்கிவிட்டுத் தொண்ணூறு கிலோவுக்கே பணம் வாங்குகிறார். இதை ஒழிக்க வேண்டும் என்று பல தடவை அறிவுறுத்தல்கள் வந்தும் வழக்கம் முற்றாக விட்டுப்போகவில்லை. விளைவித்தவருக்கும் உண்பவருக்கும் நடுவில் யாருடைய உழைப்பும் சேராமல் விலை கூடும் இடம் இது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. போதாக்குறைக்கு, மருதனார்மடத்திலும் சுன்னாகத்திலும் காலையில் விலை பேசுகிறவர்கள் அன்றைய தம்புள்ளை விலையைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே பேசுகிறார்கள். ஆகவே உள்ளூர்க் கத்தரிக்காய்கூடத் தம்புள்ளைக்குப் போய்வந்த விலையைக் கேட்பதுண்டு.

அரிசியிலும் இதே சுற்றுப் பயணம் நடக்கிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் கிளிநொச்சியில் விளையும் நெல்லின் ஒரு பகுதி அறுவடை நேரத்தில் குறைந்த விலைக்குத் தெற்கே போய், பெரிய ஆலைகளில் குற்றப்பட்டுப் பொதியாக வடக்குக்கே திரும்புகிறது. நெல்லை வாங்கி மாதக்கணக்கில் வைத்திருக்கும் களஞ்சியமும் அதற்கான கடன் வசதியும் பொலன்னறுவைப் பக்கத்துச் சில பெரிய ஆலைகளிடம் குவிந்திருப்பதால், அறுவடை முடிந்த பின் அரிசி விலையைத் தீர்மானிக்கும் வலுவும் அவர்களிடமே இருக்கிறது. 2024 டிசெம்பரில் நாட்டரிசிக்குக் கிலோ 230 ரூபாய், சம்பாவுக்கு 240 ரூபாய், கீரிச்சம்பாவுக்கு 260 ரூபாய் என்று உச்ச சில்லறை விலை விதிக்கப்பட்டது. இப்படி விலை விதிக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு வகை அரிசி கடைத் தட்டிலிருந்து மறைந்துவிடுவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். விலையைத் தாளில் எழுதுவது எளிது. களஞ்சியத்தின் கதவைத் திறப்பிப்பது எளிதன்று.

தேங்காய்க்கு இவற்றில் எதுவும் முழுக் காரணமில்லை. தென்னம்பாளை விரிந்து தேங்காய் முற்றுவதற்கு ஏறத்தாழ ஓராண்டு பிடிக்கும். ஆகையால் இன்று நீங்கள் உடைக்கும் தேங்காயின் விலையில் சென்ற ஆண்டின் வெயிலும் மழையும் இருக்கின்றன. இந்த மாதம் மழை பெய்துவிட்டதால் அடுத்த மாதம் விலை இறங்காது. குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களே நாட்டின் பெரும்பகுதித் தேங்காயைத் தருகின்றன. அங்கே விளைச்சல் குறைந்தால், அந்தத் தேங்காய்க்கு எண்ணெய் ஆலையும் ஏற்றுமதியாளரும் வீடுகளும் போட்டி போடுவார்கள். யாழ்ப்பாணத்துத் தென்னைகளையும் வெள்ளை ஈ பிடித்து ஓலையைக் கறுப்பாக்கியிருப்பதை வீதியால் போகும் எவரும் பார்க்கலாம். 2025 செப்டெம்பரில் புதுக்குடியிருப்பில் வடக்குத் தென்னை முக்கோணத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது நல்ல செய்திதான். ஆனால் நாட்டிய பிள்ளைத் தென்னை காய்க்கும்வரை சம்பலுக்கு வழி தேடவேண்டியது நீங்களே.

இப்போது உங்கள் நேரடிக் கேள்வி: அங்காடிக்காரர் அளவுக்கு மீறி இலாபம் வைக்கிறார்களா? இல்லை என்றும் சொல்ல மாட்டேன், ஆம் என்றும் சொல்ல மாட்டேன். பொருளுக்குப் பொருள் பதில் வேறு. பருப்பு, சீனி, அரிசி போன்ற, எல்லோரும் விலை தெரிந்து வைத்திருக்கும் பொருட்களில் அவர்கள் வைக்கும் இலாபம் மிகக் குறைவு. சில வேளைகளில் ஆட்களை உள்ளே வரவழைக்க அடக்க விலைக்கே கொடுப்பார்கள். அந்த இழப்பை, விலை யாருக்கும் மனதில் நிற்காத பிஸ்கற்றிலும் சோஸிலும் சவர்க்காரத்திலும் வெட்டி வைத்த பழத்திலும் எடுத்துவிடுவார்கள். எல்லாம் கூட்டிக் கழித்தால், பல்பொருள் அங்காடிகளின் தேறிய இலாபம் உலகெங்கும் விற்பனையில் ஒற்றை இலக்க வீதம்தான். அவர்களுடைய செலவும் கூடியது என்பதை மறுக்க முடியாது. மின்கட்டணம் 2022 ஓகஸ்ட்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதமும் ஏறியபோது, நான் கணக்குப் பார்க்கும் ஒரு சிறு கடையில் குளிர்சாதனப் பெட்டிக்கான மின்செலவு அந்தப் பெட்டியில் விற்ற தயிரின் இலாபத்தை முழுவதும் விழுங்கியதை என் கண்ணால் பார்த்தேன். பின்னர் மின்கட்டணம் கணிசமாகக் குறைக்கப்பட்டது. அந்தக் குறைப்பு உங்கள் தயிரின் விலையில் எவ்வளவு வந்தது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

வரியையும் அங்காடிக்காரரின் தலையில் கட்டிவிட முடியாது. 8 வீதமாக இருந்த பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 12, அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 வீதம் என்று ஏறியது. 2022 ஒக்டோபரிலிருந்து இரண்டரை வீதச் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரியும் சேர்ந்தது. எல்லா உணவுக்கும் இவை ஒரேமாதிரி விழுவதில்லை; ஆனால் பொதியிட்டு வரும் பொருட்கள் பெரும்பாலானவற்றில் இருக்கின்றன. ஆண்டு விற்பனை சட்டம் குறிக்கும் எல்லைக்கு மேல் உள்ளவரே பெறுமதி சேர் வரிக்குப் பதிய வேண்டும் என்பதால், சிறிய கடைக்காரர் தம்முடைய இலாபத்தின் மேல் அதைச் சேர்ப்பதில்லை. ஆனால் அவர் கொள்வனவு செய்த பொருளில் முன்கூட்டியே அது ஏறியிருக்கும். ஆகவே சிறிய கடையில் வரியே இல்லை என்று நினைத்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும்.

அங்காடிகளையும் பொதியிடும் நிறுவனங்களையும் நான் குறை சொல்லும் இடம் ஒன்று உண்டு. அது எடைக் குறைப்பு. பொதியின் நிறமும் அளவும் விலையும் அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் கிராம் மட்டும் குறைகிறது. எடை பொதியில் அச்சிடப்பட்டிருப்பதால் சட்டப்படி குற்றமில்லை. என்றாலும் பார்வை மங்கிய உங்கள் மாமியாரிடம் அந்தச் சின்ன எழுத்தை வாசிக்கச் சொல்வது நேர்மையாகாது. உங்கள் 2021 பற்றுச்சீட்டையும் இன்றையதையும் மறுபடி ஒப்பிடும்போது, விலையை மட்டும் பார்க்காமல் கிராமையும் பாருங்கள். விலையை எடையால் வகுத்து 100 கிராமுக்கு எவ்வளவு என்று கைத்தொலைபேசியில் கணக்கிடுங்கள். பெரிய பொதியே எப்போதும் மலிவு என்ற நம்பிக்கையும் சில பொருட்களில் பொய்த்துப்போவதை அப்போது காண்பீர்கள்.

அடக்க விலை குறைந்த பின்னும் விலை ஏன் மெல்ல இறங்குகிறது என்பதற்கு வியாபாரிகள் சொல்லும் விடை, கையிலிருப்பது கூடிய விலைக்கு வாங்கிய பழைய சரக்கு என்பது. அது ஓரளவுக்கு உண்மை. ஆனால் விலை ஏறும்போது குறைந்த விலைக்கு வாங்கிய பழைய சரக்கை அவர்கள் பழைய விலைக்கு விற்பதில்லை என்பதும் அதேயளவு உண்மை. கணக்கு ஏடுகளில் இரண்டையும் பார்த்தவன் நான். போட்டி இருக்கும் பொருளில் விலை விரைவாக இறங்குகிறது. இரண்டு மூன்று இறக்குமதியாளரே உள்ள பொருளில் மாதக்கணக்காகிறது. அடுத்த கடைக்குப் போய் விசாரிக்கும் வாடிக்கையாளர் இல்லாத இடத்திலும் அப்படித்தான்.

எனவே சந்தைக்குத் திரும்புவதா என்ற கேள்விக்கு என் ஆலோசனை, முழுவதும் திரும்பாமல் பிரித்து வாங்குங்கள் என்பது. உங்களுக்குத் திருநெல்வேலிச் சந்தை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மரக்கறி, கீரை, வாழைப்பழம், சின்ன வெங்காயம், தேங்காய் ஆகியவற்றை அங்காடியில் வாங்குவதை முதலில் நிறுத்துங்கள். குளிர்த் தட்டுக்கும் பொதியுறைக்கும் கொடுக்கும் பணம் உங்களுக்கு எந்தப் பயனும் தருவதில்லை. மலையகத்துக் காய்களை வாரத்தில் ஒரு நாளுக்கு மட்டுப்படுத்தி, தை முதல் பங்குனி வரை எங்கள் தோட்டங்களில் விளைச்சல் பெருகும் காலத்தில் உள்ளூர்த் தக்காளி, கத்தரி, கோவா, பீற்றூட் ஆகியவற்றைக் கூடுதலாகச் சேருங்கள். மாசி, பங்குனியில் யாழ்ப்பாணத்து உருளைக்கிழங்கு வரும்போது இறக்குமதிக் கிழங்கைத் தொடாதீர்கள். பருப்பு, சீனி, மா, செத்தல் மிளகாய் போன்றவற்றைப் பெரியகடைப் பக்கத்து மொத்தக் கடை ஒன்றிலும் உங்கள் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடையிலும் அங்காடியிலும் ஒரே நாளில் விலை கேட்டு எழுதி வையுங்கள். அங்காடி மலிவாக இருக்கும் பொருளை அங்கேயே வாங்குவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பொருளை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பசியோடு போகாதீர்கள். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு மூடை அரிசியை உள்ளூர் ஆலையிலேயே வாங்கிப் பிரித்துக்கொள்ள முடிந்தால், பொதியின் செலவும் சுற்றுப் பயணத்தின் செலவும் மிஞ்சும்.

பற்றுச்சீட்டில் விழுந்த விலை தட்டில் ஒட்டியிருந்த விலையைவிடக் கூடுதலாக இருந்தாலோ, பொதியில் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டாலோ அது விலையேற்றம் அன்று, குற்றம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குவதும் விலைப்பட்டியலைப் பார்வைக்கு வைக்கச் சொல்வதும் உங்கள் உரிமை. சண்டை பிடிக்கத் தேவையில்லை. சீட்டைப் பத்திரப்படுத்தினால் போதும்.

கடைசியாகப் பால்மாவும் முட்டையும். தயவுசெய்து பிள்ளைகளின் முட்டையைக் குறைக்காதீர்கள். கோழித் தீவனத்துக்கான சோளத்தின் விலையால் முட்டை விலை ஏறி இறங்கினாலும், இறைச்சி, மீனுடன் ஒப்பிட்டால் அது கொடுக்கும் புரதத்துக்கு இன்னும் மலிவானதே. குறைக்க வேண்டுமானால் பிஸ்கற், நூடில்ஸ், குளிர்பானம் என்று பற்றுச்சீட்டின் நடுவில் ஒளிந்திருக்கும் பொருட்களைக் குறையுங்கள். அவற்றைத் தனியே கூட்டிப் பார்த்தால் தொகை உங்களுக்கே திகைப்பாக இருக்கும். பால்மாவைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் டொலரில் ஓடும் பொருள். உங்கள் பகுதியில் வீட்டுக்குப் பால் ஊற்றுபவரோ கூட்டுறவுப் பால் விற்பனை நிலையமோ இருந்தால், ஒரு லீற்றர் பசும்பாலின் விலையையும் ஒரு லீற்றர் கரைக்கத் தேவைப்படும் மாவின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பெரியவர்களின் தேநீரை வெறுந்தேநீராக்கிவிட்டு, பாலைப் பிள்ளைகளுக்கு விடலாம். அவர்களின் வயதுக்கு எவ்வளவு தேவை என்பதை உங்கள் பிரிவின் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அது என் துறையன்று.

அடுத்த மூன்று மாதங்களுக்கு, நீங்கள் தவறாமல் வாங்கும் பன்னிரண்டு பொருட்களின் பெயர், எடை, விலை, வாங்கிய இடம் ஆகியவற்றை அதே பழைய கொப்பியில் எழுதி வாருங்கள். 2021 ஆம் ஆண்டுச் சீட்டின் பிரதியையும் சேர்த்து எனக்கு அனுப்பினால், எந்தப் பொருளில் எவ்வளவு டொலருக்கும் எவ்வளவு வரிக்கும் எவ்வளவு வழிச் செலவுக்கும் போகிறது என்று பொருள்வாரியாகப் பிரித்து எழுதித் தருகிறேன்.